ஃபின்லாந்துக்காரங்க எங்கிருந்து வந்தாங்க? ஒய் குரோமோசோம் சொல்றது ஒண்ணு, மொத்த டிஎன்ஏ சொல்றது இன்னொண்ணு

வணக்கம் மக்களே. நேரா விஷயத்துக்கு வந்துடலாம்.

ஃபின்லாந்து ஆம்பளைங்க 10 பேரோட ஒய் குரோமோசோமைப் பாத்தா, சுமார் 6 பேர்கிட்ட 'என்'ங்கிற இங்கிலீஷ் எழுத்தால குறிக்கிற பிரிவு இருக்கும். அந்தப் பிரிவோட வேர் கிழக்கு ஆசியாவுல இருக்கு. அது பெருகிப் பரவுனது சைபீரியாவுல. உடனே "ஃபின்லாந்துக்காரங்க பாதிக்கு மேல ஆசியாக்காரங்க"ன்னு தலைப்பு போட்டுடுறாங்க. ஆனா அதே 10 பேரோட மொத்த டிஎன்ஏவையும் அளந்து பாருங்க. சைபீரியப் பங்கு பத்துல ஒரு பங்கு அளவுலதான் நிக்கும். எந்த மாடல் வச்சு கணக்குப் போடுறோம்ங்கிறதைப் பொறுத்து கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும்.

அதே 10 பேரு, அதே எச்சில் சாம்பிள். ஒரு பக்கம் 60, இன்னொரு பக்கம் 10. ரெண்டுமே சரியான கணக்குதான். எப்படின்னு புரிஞ்சுட்டா இந்த மொத்த விஷயமும் புரிஞ்சுடும்.

ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. முழுக்க சைபீரிய வம்சத்துல வந்த ஒருத்தர், போற இடத்துல உள்ளூர்ப் பொண்ணைக் கட்டிக்கிறார். பிள்ளைகளுக்கு சைபீரியப் பங்கு 50. அந்த மகனும் உள்ளூர்ப் பொண்ணைக் கட்டினா பேரனுக்கு 25. அதே மாதிரி போனா கொள்ளுப்பேரனுக்கு 12.5, அடுத்த தலைமுறைக்கு 6.25. நாலு தலைமுறை, கிட்டத்தட்ட 100 வருஷம்தான். ஆனா ஒய் குரோமோசோம் அப்பாகிட்ட இருந்து மகனுக்கு அப்படியே முழுசா போகுது, பாதியா உடையுறதே இல்ல. அந்த நாலாவது தலைமுறைப் பையன்கிட்டயும் ஒய் 100 சதவீதம் சைபீரியாதான். நெசத்துல நடந்தது 4 தலைமுறைக் கதை இல்ல. பல ஆயிரம் கிலோமீட்டர், 2000 வருஷத்துக்கு மேல. வழியில ஒவ்வொரு இடத்துலயும் கலந்து கலந்துதான் வந்திருக்காங்க.

அம்மா வழியைப் பாத்தா இது இன்னும் தெளிவாத் தெரியும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாகிட்ட இருந்துதான் வரும். ஃபின்லாந்துல அதுல பெரும்பங்கு 'எச்', 'யூ5' பிரிவுகள். இந்த யூ5 ஐரோப்பாவோட பழைய வேட்டை மக்கள்கிட்ட இருந்தது. கிழக்கு ஆசிய அம்மா வழிங்க சொற்பம்தான். அதனால யாராவது ஒரே ஒரு ஹாப்லோகுரூப்பை, அதாவது 'என்', 'எச்' மாதிரி ஒரு பிரிவைக் காட்டி "இவங்க வம்சமே இதுதான்"னு சொன்னா நம்பாதீங்க. 10 தலைமுறை பின்னாடி போனா உங்களுக்கு 1024 மூதாதையர் இடம் இருக்கு. அதுல ஒய் சொல்றது ஒரே ஒருத்தரைப் பத்தி, மைட்டோகாண்ட்ரியா சொல்றது இன்னொருத்தரைப் பத்தி. மிச்சம் 1022 பேரைப் பத்தி ரெண்டும் வாயே திறக்காது.

சரி, அந்த மிச்சம் யாரு? காலவரிசையில பாப்போம்.

ஃபின்லாந்து முழுக்க பனிப்பாறைக்கு அடியில இருந்த நிலம். பனி உருகி மனுஷங்க நுழைஞ்சு சுமார் 11,000 வருஷம் ஆகுது. 1913ல கரேலியப் பூசந்தியில அந்த்ரேயாங்கிற இடத்துல ஒரு மீன்வலை கிடைச்சுது. வில்லோ மரப்பட்டை நார்ல முடிஞ்சது, வயசு 10,000 வருஷத்துக்கு மேல. இன்னைக்கு அந்த இடம் ரஷ்யாவுக்குள்ள இருக்கு. இந்த வேட்டை மக்கள் காலத்துக்கு அப்புறம், சீப்புப் பல்லு மாதிரி அச்சு பதிச்ச மண்பாண்டக்காரங்க கிழக்குல இருந்து வந்தாங்க. அவங்க பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பிய வேட்டை வம்சம். கி.மு. 2800 வாக்குல போர்க்கோடரிப் பண்பாடு தெற்கு, தென்மேற்குக் கரைக்கு வருது. ஸ்டெப்பி புல்வெளி வம்சமும், அனடோலியாவுல (இன்னைய துருக்கிப் பக்கம்) இருந்து ஐரோப்பாவுக்குப் பரவின விவசாயி வம்சமும் கலந்து வந்தது இவங்க மூலமாத்தான். இன்னைக்கு ஒரு ஃபின்லாந்துக்காரரோட மரபணுவுல பெரிய துண்டுங்க இவைதான். மத்திய ஐரோப்பாவோட ஒப்பிட்டா விவசாயி பங்கு கம்மி, வேட்டை மக்கள் பங்கு ஜாஸ்தி. ஸ்காண்டிநேவியாவுல அதிகமா இருக்கிற 'ஐ1'ங்கிற ஒய் பிரிவு, ஃபின்லாந்து ஆம்பளைங்கள்ல கால் பங்குக்குக் கொஞ்சம் மேல இருக்கு. அது மேற்குக் கரைப் பக்கம் நிறைய.

சைபீரியப் பங்கு இதுக்கெல்லாம் மேல கடைசியா வந்து படிஞ்ச அடுக்கு. இதோட தடத்தைப் பிடிச்ச விதம்தான் இந்த வீடியோவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

முதல் சிக்கல், ஃபின்லாந்துல பழைய எலும்பே கிடைக்காது. அடியில கிரானைட் பாறை, மேல பனிப்பாறை விட்டுட்டுப் போன மண், அதுக்கு மேல ஊசியிலைக் காடு. மண்ணுல அமிலம் அதிகம், அதுல எலும்பு கரைஞ்சு போயிடும். எரிச்ச எலும்புதான் தாங்கும், ஆனா எரிச்ச எலும்புல படிக்கிற மாதிரி டிஎன்ஏ மிஞ்சாது. அதனால எலும்பு தப்பிப் பிழைச்ச இடங்களைத்தான் தேடணும்.

அப்படி ஒரு இடம் லெவான்லுஹ்தா. மேற்கு ஃபின்லாந்துல இசோகுரோ ஊர்ல இருக்கு. இரும்புக் காலத்துல செத்தவங்களை நீர்நிலையில போட்டிருக்காங்க. கிட்டத்தட்ட 100 பேரோட எலும்பு, பெரும்பாலும் பொம்பளைங்களும் குழந்தைங்களும். காலம் சுமார் கி.பி. 300ல இருந்து 800. தண்ணிக்குள்ள கிடந்ததால எலும்பு பிழைச்சுது.

ரெண்டாவது இடம் ரஷ்யாவோட கோலா தீபகற்பத்துல, போல்ஷோய் ஒலேனி ஒஸ்த்ரோவ். அதுக்கு 'பெரிய மான் தீவு'ன்னு அர்த்தம். 3500 வருஷம் பழைய இடுகாடு. ரெண்டு இடத்து மரபணுவும் 2018ல சேர்ந்து வெளியாச்சு. கோலா ஆளுங்ககிட்ட சைபீரியப் பங்கு கிட்டத்தட்ட பாதி. ஆம்பளைங்ககிட்ட 'என்' பிரிவும் இருந்துச்சு. ஆக, சைபீரிய வம்சம் ஐரோப்பாவோட வடகோடிக்கு வந்து 3500 வருஷமாவது ஆகுதுன்னு உறுதி ஆச்சு. லெவான்லுஹ்தாவுல இன்னொரு ஆச்சரியம். மரபணு எடுத்துப் பாத்த எலும்புங்கள்ல மூணு பேரோடது இன்னைய ஃபின்லாந்துக்காரங்களை விட சாமிங்கிற பழங்குடி மக்களுக்குத்தான் நெருக்கம். (நம்ம கோயில் சாமி இல்ல, அது அந்த மக்களோட பேர்.) சாமி மக்கள் இப்போ இருக்கிறது வடக்குல லாப்லாந்துப் பக்கம். அவங்க ஒரு காலத்துல தெற்கு வரைக்கும் இருந்தாங்கன்னு ஊர்ப் பேர்களை வச்சு மொழியியல்காரங்க ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. எலும்பும் அதையே சொல்லிச்சு.

ஃபின்லாந்து வளைகுடாவுக்குத் தெற்கே எஸ்தோனியாவுல மண்ணு சுண்ணாம்பு மண்ணு. எலும்பு நல்லா நிக்கும். 2019ல வந்த ஆய்வுல வெண்கலக் கால ஆம்பளைங்க எல்லாம் 'ஆர்1ஏ'ங்கிற ஒய் பிரிவு. இரும்புக் காலம் தொடங்குற சமயத்துல, சுமார் 2500 வருஷம் முன்னாடி, 'என்' பிரிவும் சைபீரியப் பங்கும் சேர்ந்தே தலைகாட்டுது. ஃபின்னிஷ் மொழியோட முன்னோடி அந்தக் கரையில இருந்து வளைகுடா தாண்டி வடக்கே போயிருக்கணும்ங்கிறதுதான் மொழியியல்காரங்களோட கணக்கும்.

அப்போ சைபீரியாவுல எந்த இடம்? 2025ல நேச்சர் இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. வடகிழக்கு சைபீரியாவுல, யகூட்டியாவுல, சுமார் 4500 வருஷம் முன்னாடி வாழ்ந்த ஒரு கூட்டத்தோட மரபணு, இன்னைக்கு உராலிக் மொழி (ஃபின்னிஷ் சேர்ந்த மொழிக் குடும்பம்) பேசுறவங்ககிட்ட எல்லாம் கொஞ்சமோ நிறையவோ ஓடுது. 4000 வருஷம் முன்னாடி வாக்குல செய்மா-துர்பினோன்னு சொல்ற வெண்கல வேலைக்காரங்க வலைப்பின்னல் ஒண்ணு அல்தாய் மலைப் பக்கத்துல இருந்து பால்டிக் பக்கம் வரைக்கும் பரவி இருந்துச்சு. கைப்பிடி செருகக் குழல் வச்ச கோடாரி, ஈட்டிமுனை எல்லாம் மெல்லிசா வார்க்கத் தெரிஞ்சவங்க. இந்த வம்சம் மேற்கே நகர்ந்த பாதையில இவங்களும் வர்றாங்க.

இந்த மாதிரி ஆய்வு லேப்ல எப்படி நடக்குதுன்னும் தெரிஞ்சுக்கணும், அப்பதான் எங்க தப்பு வரும்னு புரியும். மண்டையோட்டுல உள்காதைச் சுத்தி இருக்கிற கெட்டி எலும்புலதான் டிஎன்ஏ நல்லா மிஞ்சும். அது இல்லைன்னா பல்லு. தூசி புகாத அறை, தலை முதல் கால் வரைக்கும் மூடின உடை. எலும்பு மேற்பரப்பை ப்ளீச், புறஊதா விளக்கு வச்சு சுத்தம் பண்ணி, ஏறக்குறைய 50 மில்லிகிராம் தூள் எடுப்பாங்க. அதைக் கரைசல்ல ஊற வச்சு கால்சியத்தையும் புரதத்தையும் பிரிச்சு, வர்ற டிஎன்ஏவை சிலிக்காவுல ஒட்ட வச்சு எடுப்பாங்க. கிடைக்கிற துண்டு ரொம்பச் சின்னது, அதுலயும் பெரும்பகுதி மண்ணுல இருந்த பாக்டீரியாவோடது. அதனால மனுஷ மரபணுவுல 12 லட்சத்துக்கும் மேல குறிப்பிட்ட இடங்களுக்குத் தூண்டில் மாதிரி துண்டுகள் செஞ்சு போட்டுப் பிடிப்பாங்க.

பழைய டிஎன்ஏவா, இல்ல லேப் ஆளோட டிஎன்ஏ ஒட்டிக்கிச்சான்னு எப்படித் தெரியும்? பழைய துண்டோட ரெண்டு முனையிலயும் 'சி' எழுத்து கெட்டுப்போய் 'டி' ஆகத் தெரியும். முனையில இது கூடுதலா இருந்தா பழசு. ஆம்பளை எலும்பா இருந்தா இன்னொரு சோதனையும் உண்டு. அவருக்கு எக்ஸ் குரோமோசோம் ஒண்ணுதான். ஒரே இடத்துல ரெண்டு விதமான எழுத்து அடிக்கடி வந்தா, வேற யாரோ கலந்திருக்காங்க.

இப்போ கணக்குல வர்ற தப்புக்கு வருவோம். இதுலதான் நெட்ல நிறைய பேர் விழுறாங்க.

முதல் தப்பு, ஒப்பிட எடுக்கிற மக்கள். சைபீரியப் பங்கை அளக்க டைமிர் தீபகற்பத்துல இருக்கிற நங்கனாசன் மக்களை எடுத்தா, அந்தப் பத்துல ஒரு பங்கு கணக்கு வரும். அதுக்குப் பதிலா சாமி மக்களை வச்சா எண்ணு பெருசா வீங்கும். ஏன்னா சாமி மக்களே பெரும்பகுதி ஐரோப்பிய வம்சம், சைபீரியப் பங்கு அதுக்குள்ள ஒரு பகுதிதான். "40 சதவீதம் சாமி"ன்னு ஒரு கால்குலேட்டர் சொன்னா, அதை "40 சதவீதம் சைபீரியா"ன்னு படிக்கக் கூடாது. பாலை அளக்கப் போய் காப்பியை ஊத்தி அளந்த மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது தப்பு இதை விடப் பெருசு. வண்ணக் கட்டை வரைபடம் பாத்திருப்பீங்க, ஒவ்வொரு மக்களுக்கும் கலர் கலரா பட்டை. அதுல கலர் எண்ணிக்கையை ஏத்திக்கிட்டே போனா, ஒரு கட்டத்துல ஃபின்லாந்துக்காரங்க தனிக் கலரா பிரிஞ்சு நிப்பாங்க. "பாத்தீங்களா, கலப்பே இல்லாத தனி இனம்"னு சொல்றவங்க உண்டு. அந்தக் கலர் காட்டுறது பழமையை இல்ல. கம்மி பேர்ல இருந்து சீக்கிரம் பெருகினதைக் காட்டுது. ஒரு மூட்டை நெல்லுல இருந்து ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து விதைச்சீங்கன்னா, அந்தக் கைப்பிடியில தற்செயலா எது இருந்துச்சோ அதுதான் வயல் முழுக்க வரும். மூட்டையில 100ல 1 இருந்தது வயல்ல 10 ஆகலாம், இல்ல காணாமலே போகலாம்.

அந்தக் கைப்பிடி எப்போ எடுத்தாங்கன்னு வரலாறே சொல்லுது. 1500கள் வரைக்கும் மக்கள் பெரும்பாலும் தெற்கு, தென்மேற்குல நெருங்கி இருந்தாங்க. ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் வாசா காலத்துல சாவோ பகுதிக் குடும்பங்கள் வடக்கேயும் கிழக்கேயும் காட்டுக்குள்ள போகத் தொடங்குச்சு. காட்டை வெட்டி எரிச்சு சாம்பல்ல கம்பு விதைக்கிறவங்க அவங்க. நாம சொல்ற கம்பு இல்ல, குளிர் நாட்டு ரை தானியம். சில அறுவடையில மண்ணு சத்து போயிடும், அடுத்த காட்டுக்குப் போகணும். சில குடும்பம் சேர்ந்து ஒரு ஊர், அடுத்த ஊர் ரொம்பத் தூரம். பல தலைமுறைக்குக் கல்யாணம் சுத்து வட்டாரத்துக்குள்ளயே. போதாக்குறைக்கு 1695ல இருந்து 1697 வரைக்கும் வந்த பஞ்சத்துல நாட்டு மக்கள்ல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் செத்துப்போனாங்க. 1750 வாக்குல மொத்த ஜனத்தொகை 4 லட்சத்து சொச்சம். இன்னைக்கு 56 லட்சம்.

இதோட விளைவை ஆஸ்பத்திரியில பாக்கலாம். ஃபின்னிஷ் நோய் மரபுன்னு ஒரு பட்டியல் இருக்கு, 1973ல இருந்து அந்தப் பேர். வேற நாடுகள்ல ரொம்ப அபூர்வமா இருந்து இங்க மட்டும் கூடுதலா வர்ற, கிட்டத்தட்ட 40 பரம்பரை நோய். மூளை வளர்ச்சியை மெல்ல மெல்லச் சிதைக்கிற அஸ்பார்டில்குளூகோசமினூரியா அதுல ஒண்ணு. ஃபின்லாந்துல இந்த நோய் உள்ளவங்ககிட்ட இருக்கிற கெட்டுப்போன பிரதிகள்ல 98 சதவீதம் ஒரே பிழை. ஒரே மூதாதையர்கிட்ட இருந்து இறங்கினதுன்னு அர்த்தம். இன்னொரு பக்கம், ஐரோப்பாவுல பரவலா இருக்கிற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் ஃபீனைல்கீட்டோனூரியாவும் இங்க ரொம்ப அபூர்வம். அந்தப் பிழைங்க கைப்பிடிக்குள்ள வரல, அவ்வளவுதான்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க கை கொடுத்தது சர்ச் பதிவேடு. 1686 சட்டத்துக்கு அப்புறம் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. ரெய்யோ நோரியோங்கிற டாக்டர், பிறக்கும்போதே சிறுநீரகத்தைத் தாக்குற ஒரு நோய் வந்த குடும்பங்களை அந்தப் பதிவேட்டுல பின்னோக்கித் தேடி, அது பரம்பரையா எப்படி இறங்குதுன்னு 1966ல காட்டினார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல, பக்கம் பக்கமாப் புரட்டி. அந்த உழைப்பை நினைச்சா எனக்கு மலைப்பா இருக்கு. இன்னைக்கு அதே நாட்டுல 2017ல தொடங்கின ஃபின்ஜென் திட்டம் 5 லட்சம் பேரோட மரபணுவையும் மருத்துவப் பதிவையும் சேர்த்துப் படிக்குது. உலக அளவுல மரபணு மாற்றங்களைத் தொகுக்கிற ஒரு பெரிய தரவுத்தளத்துல 'ஃபின்னிஷ்'னு ஒரு பெட்டி, 'ஃபின்னிஷ் அல்லாத ஐரோப்பியர்'னு இன்னொரு பெட்டி. அப்படிப் பிரிச்சதுக்குக் காரணம் இந்தக் கைப்பிடிதான், சைபீரியா இல்ல.

நாட்டுக்குள்ளயே கிழக்கும் மேற்கும் வேற வேற. 2008ல ஒரு ஆய்வுல கிழக்கு, மேற்கு ஃபின்லாந்துக்காரங்களுக்கு நடுவுல இருக்கிற மரபணு தூரம், பிரிட்டன்காரங்களுக்கும் வடக்கு ஜெர்மானியருக்கும் நடுவுல இருக்கிறதை விடப் பெருசுன்னு வந்துச்சு. 2017ல இன்னும் நுணுக்கமாப் பாத்தாங்க. பிரிவுக்கோடு, 1323ல ஸ்வீடனும் நோவ்கோரோதுங்கிற பழைய ரஷ்ய அரசும் போட்ட பாஹ்கினாசாரி ஒப்பந்தத்தோட எல்லையை ஒட்டியே ஓடுது. 'என்' பிரிவும் கிழக்குல கூட, மேற்குல குறைய. அதுக்குள்ளயும் கிளை வேற: இசட்1936ங்கிறது கிழக்குப் பக்கம், வி.எல்.29ங்கிறது பால்டிக் கரைப் பக்கம். டெஸ்ட் ரிப்போர்ட்ல வெறும் 'என்'னு மட்டும் இருந்தா பாதித் தகவல்தான், கிளைப் பேர் வரைக்கும் பாக்கணும்.

மொழி விஷயத்துக்கு வருவோம், ஏன்னா இதைத்தான் நம்ம ஆளுங்க அதிகமா கேக்குறாங்க. ஃபின்னிஷ் உராலிக் குடும்பம். ஹங்கேரிய மொழியும் அதே குடும்பம். ஆனா இன்னைய ஹங்கேரிக்காரங்ககிட்ட சைபீரியப் பங்கும் 'என்' பிரிவும் ரொம்பச் சொற்பம், மரபணுவுல அக்கம்பக்கத்து நாட்டுக்காரங்க மாதிரிதான் இருக்காங்க. மொழி ஒரு பாதையில வரும், ரத்தம் இன்னொரு பாதையில வரும்.

ஃபின்னிஷ்ல 100க்கு 'சதா'. சுத்தியலுக்கு 'வசரா'. தேனுக்கு, பூவுல ஊறுற தேனுக்கு 'மெசி'. சதம், வச்சிரம், மதுன்னு நம்ம காதுல விழுதுல்ல? நெசமாவே தொடர்பு இருக்கு, ஆனா நேரா இல்ல. வோல்கா, உரால் பக்கத்துப் புல்வெளியில இருந்த பழைய இந்தோ-ஈரானிய மொழிக்காரங்ககிட்ட இருந்து உராலிக் ஆளுங்க இந்தச் சொல்லை எல்லாம் வாங்கி வடக்கே கொண்டு போனாங்க. அதே சொல் தெற்கே சமஸ்கிருதம் வழியா தமிழுக்குக் கடனா வந்துச்சு. கடன் கொடுத்த வீடு ஒண்ணு, வாங்கினவங்க ரெண்டு பேர். அதே மாதிரி 'தலோஸ்ஸனி'ன்னா 'என் வீட்டில்'. 'தலோ' வீடு, 'ஸ்ஸ' நம்ம 'இல்', 'னி' என்னோட. விகுதி மேல விகுதி ஒட்டுற இந்த அமைப்பைப் பாத்துத்தான் கால்டுவெல் 1856லேயே திராவிட மொழிகளுக்கும் இந்தப் பக்கத்து மொழிகளுக்கும் உறவு இருக்குமோன்னு எழுதினார். இன்னைய மொழியியல் அதை ஏத்துக்கல. ஒட்டுற அமைப்பு துருக்கியிலயும் ஜப்பானியத்துலயும் கூட இருக்கு.

இந்தக் கேள்வி வெறும் படிப்பு விஷயமா மட்டும் இருந்ததில்ல. 1908ல அமெரிக்காவுல மின்னசோட்டாவுல ஜான் ஸ்வான்ங்கிற ஃபின்லாந்துக்காரருக்குக் குடியுரிமை கொடுக்கக் கூடாது, அவர் மங்கோலிய இனம்னு அரசு வக்கீல் வாதாடினார். நீதிபதி அதைத் தள்ளுபடி பண்ணினார். மொழியை வச்சு ஒரு ஆளோட இனத்தை முடிவு பண்ணப் பாத்த வழக்கு அது.

கடைசியா, ஃபின்லாந்து வேர் இருக்கிறவங்க யாராவது டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துட்டு உங்ககிட்ட காட்டினா ஒண்ணு கவனிங்க. அவங்களுக்கு உறவினர் பட்டியல் பல ஆயிரம் பேர்னு நீளமா வரும். எல்லாரும் நெருங்கின சொந்தம் இல்ல. கைப்பிடிக் கூட்டத்துல வந்தவங்களுக்குப் பல பாதையில ஒரே பழைய துண்டு வந்து சேரும். அதனால மொத்த சென்டிமார்கனை (பொதுவான டிஎன்ஏ துண்டோட நீளத்தை அளக்கிற அலகு) மட்டும் பாக்காதீங்க, மிக நீளமான ஒத்தைத் துண்டு எவ்வளவுன்னு பாருங்க. மொத்தம் 60 இருந்தும் அது 8, 9ன்னு சின்னச் சின்னத் துண்டா சிதறி இருந்தா, அது பல நூறு வருஷப் பழைய உறவா இருக்கலாம். ஒரே துண்டு 40 இருந்தா, அவங்க ஊர் சர்ச் பதிவேட்டைத் தேட ஆரம்பிக்கலாம். அந்தப் பழைய பதிவேடு நிறைய ஸ்கேன் பண்ணி நெட்ல இருக்கு, ஆனா பெரும்பாலும் ஸ்வீடிஷ்ல எழுதினது. பேரும் ஸ்வீடிஷ் வடிவத்துல இருக்கும். யுஹோ 'யோஹன்'னு இருப்பார், அதை மனசுல வச்சுட்டுத் தேடுங்க.